உபதேசியார் தாத்தாவைத் தேடி: கேள்வியும் பதிலும்

என் அம்மாவின் தாத்தாவுக்கு அப்பா, திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்த உபதேசியார். அவரைத் தேட ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது. நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்தில் இப்படி ஒரு உபதேசியார் இல்லாத கிறிஸ்தவக் குடும்பம் குறைவு. என்னிடம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, எங்கள் பூட்டனார் உபதேசியாராக இருந்தார் என்று மட்டும் தெரியும். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். அந்த ஊர்க் கோயில் பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, சொந்த ஊரில் தேடியதுதான் சிக்கல். மிஷனெரி ஐயா ஒரு பெரிய வட்டாரத்துக்கே ஒருவர்தான் இருப்பார். அவர் வராத நாட்களில் ஜெபம் நடத்துவது, பள்ளிக்கூடம் வைப்பது, நோயாளியைப் பார்ப்பது எல்லாம் உபதேசியார்தான். ஒரு சபையில் சில வருடம், அப்புறம் மாற்றம். அதனால் அவருடைய பிள்ளைகளைத் தேடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் ஞானஸ்நானமும் அந்த நேரத்தில் அவர் வேலை பார்த்த சேகரத்தின் (பல சபைகள் சேர்ந்த வட்டாரத்தின்) பதிவேட்டில்தான் இருக்கும். எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள், நான்கு ஊர்ப் பதிவேடுகள். அந்த நான்கு ஊரையும் வரிசையாக எழுதி வைத்த அன்றுதான் அவர் நடந்த பாதையே எனக்குத் தெரிந்தது.

பெற்றோரின் பெயர், குடியிருக்கும் ஊர், தொழில் என்று பதிவேட்டில் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். தொழில் கட்டத்தில் ‘உபதேசி’ என்ற சொல்லைக் கண்டால் நின்று பாருங்கள். விவாகப் பதிவேட்டையும் விடாதீர்கள். ஊரில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் சிலரே இருந்த காலம் அது. மற்றவர் கல்யாணத்துக்குச் சாட்சியாக உபதேசியார் கையெழுத்திட்டிருப்பார். எங்கள் உபதேசியார் தாத்தாவின் கையெழுத்தை நான் முதலில் பார்த்தது யாரோ ஒரு பனையேறியின் கல்யாணப் பக்கத்தில்தான். கடைசி எழுத்தை இழுத்துக் கீழே ஒரு கோடு போட்டிருந்தார். என் மாமாவும் அப்படித்தான் போடுவார்.

சேகர அலுவலகத்துக்குப் போகும் முன் வீட்டைப் பாருங்கள். பழைய வேதப்புத்தகத்தின் முன் ஏடு, தகரப் பெட்டியில் கிடக்கும் கிரயப் பத்திரம், இந்த இரண்டில் ஒன்றாவது பேசும்.

பதிவேட்டைப் படம் பிடித்துவிட்டேன், எழுத்துத்தான் புரியவில்லை. ஒரே குறி பத்துப் பதினைந்து இடத்தில் வருகிறது.

‘௸’ என்ற குறியாக இருக்க வேண்டும். அது ‘மேற்படி’. மேல் வரியில் உள்ள ஊரோ தகப்பன் பெயரோ இங்கேயும் அதுவே என்று பொருள். எழுதியவருக்கு அது சுருக்கம், நமக்குப் பொறி. ஒரு பக்கத்தின் முதல் வரியிலேயே ௸ இருந்தால் முந்தைய பக்கத்தைப் புரட்ட வேண்டும். அந்தப் பக்கத்தைப் படம் பிடிக்காமல் வந்துவிட்டால் திரும்பவும் பஸ் ஏற வேண்டியதுதான். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருடம். எண்கள் தமிழில் இருந்தால் இடமதிப்பு பார்த்துப் படிக்காதீர்கள். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ‘௲௮௱௫௰௬’ என்பது ஆயிரத்து எட்டு நூற்று ஐம்பத்து ஆறு, அதாவது 1856. கல்லறைக் கல்லில் இப்படி இருப்பதைப் பார்த்து, உடைந்த எழுத்து என்று விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

பத்திரங்களில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) வரும். தென்பாண்டிச் சீமையில் அது ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழி பாதிவரை உள்ள தேதிக்கு 824, அதற்குப் பின் உள்ளதற்கு 825 கூட்டுங்கள், கி.பி. ஆண்டு வரும். கொல்லம் 1031 தை மாதம் என்றால் 1856.

பழைய எழுத்தில் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். ‘யெசுவடியான்’ என்று கண்டால் அது நம் யேசுவடியான்தான். புரியாத சொல்லை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும்.

எங்கள் வீட்டில் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறுகிறது. குடும்பப் பெயர் என்று ஒன்றும் இல்லை. எப்படிக் கோர்ப்பது?

குடும்பப் பெயரைத் தேடாதீர்கள், பெயர் திரும்பி வரும் முறையைத் தேடுங்கள். தகப்பனைப் பெற்ற தாத்தாவின் பெயர் மூத்த பேரனுக்குப் போவது வழக்கம். ஞானமுத்து, மாசிலாமணி, ஞானமுத்து என்று ஒன்று விட்டு ஒன்று வரும். அதோடு, முதல் தலைமுறைக்கு இரண்டு பெயர்: ஞானஸ்நானத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. பெரியவர்கள் ஞானஸ்நானம் பெற்ற பதிவுகளில் பழைய பெயரும் சேர்ந்திருந்தால் அதைத் தங்கம் மாதிரி குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் போக வேறு கதவு கிடைப்பது அபூர்வம்.

பெயர் வரிசை எப்படி ஏமாற்றும் என்பதற்குப் பேராயர் அசரியாவே சான்று. 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912-இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. தகப்பனார் தாமஸ் வேதநாயகம், கிராமத்துக் குருவானவர். ‘அசரியா’ என்ற பெயரை வைத்துத் தகப்பனைத் தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

எங்கள் தாத்தாவின் அப்பாவுக்கு ரேனியஸ் ஐயரே ஞானஸ்நானம் கொடுத்தார் என்று பாட்டி சொல்வார்கள். அவர் பிறந்தது 1840 என்று கல்லறையில் இருக்கிறது.

அப்படியானால் இல்லை அம்மா. மிஷனெரி ரேனியஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார், 1838-இல் அங்கேயே இறந்தார். ஆனால் பாட்டி சொன்னதைத் தூக்கிப் போடாதீர்கள். அது ஒரு தலைமுறை கீழே இறங்கியிருக்கலாம். ஞானஸ்நானம் பெற்றது அவருடைய தகப்பனாராக இருக்கலாம். அந்தக் கோணத்தில் தேடுங்கள். அவருக்கு முந்தைய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் பெயரைச் சொல்லும் குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன்: அவர் 1798-இல் மறைந்துவிட்டார். 1780-இல் பாளையங்கோட்டைச் சபையின் முதல் பட்டியலில் இருந்தவர்களே நாற்பது பேர்தான்.

வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களில் கிராமத்து உபதேசியார் பற்றி ஏதாவது இருக்குமா?

இருக்கும். ஆனால் முதலில் எந்த மிஷன் என்று தெரிய வேண்டும். ஊரை வைத்தே சொல்லிவிடலாம். நாசரேத், முதலூர், சாயர்புரம், இடையன்குடி என்றால் எஸ்.பி.ஜி. (இங்கிலாந்தின் சுவிசேஷப் பரப்புதல் சங்கம்); அந்தக் காகிதங்கள் ஆக்ஸ்போர்டில் போட்லியன் நூலகத்தில் உள்ளன. மெஞ்ஞானபுரம், டோனாவூர், சுவிசேஷபுரம், பண்ணைவிளை என்றால் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனெரி சங்கம்); அவை பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில். மயிலாடி, நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன். 1806-இல் மிஷனெரி ரிங்கல்தௌபே வந்த காலம் தொட்டு உள்ள கடிதங்கள் லண்டனில் எஸ்.ஓ.ஏ.எஸ். (கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரி) நூலகத்தில்.

குருப்பட்டம் பெற்ற நம்மவர்களுக்கு அங்கே தனிக் கோப்பே உண்டு. 1830-இல் பட்டம் பெற்ற ஜான் தேவசகாயம் ஒருவர். உபதேசியாருக்குத் தனிக் கோப்பு கிடைக்காது. அவர் மிஷனெரியின் நாட்குறிப்பில் வருவார், பல நேரம் பெயர் இல்லாமல்: இன்ன ஊர் உபதேசியார், காலராவில் மனைவியை இழந்தவர் என்று ஒரு வரி. நீங்கள் முன்பே ஊரையும் வருடத்தையும் கையில் வைத்திருந்தால்தான் அந்த வரி உங்கள் தாத்தா என்று தெரியும். அதனால்தான் நாட்டுப் பதிவேடு முதலில், வெளிநாடு அப்புறம் என்கிறேன்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். டோனாவூர் என்ற பெயரே 1827-இல் பண உதவி செய்த டோனா பிரபுவுக்காக வைத்தது. அதற்கு முந்தைய கடிதத்தில் அந்தப் பெயர் வராது.

பெரியவர் ‘கண்டிக்குப் போனார்’ என்று கதை. காப்பித் தோட்டக் கூலியாகவா?

ஊழியத்துக்காகவும் போயிருக்கலாம். 1854-இல் இலங்கைத் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்துதான் உபதேசியார்களை வரவழைத்தார்கள். இதுவும் சி.எம்.எஸ். வேலைதான், ஆனால் இலங்கைக் கோப்புகளில் தேட வேண்டும். இதேபோல் 1903-க்குப் பிறகு ‘தெலுங்கு நாட்டுக்குப் போனார்’ என்று கதை இருந்தால் அந்த வருடம் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது என்கிறார்கள். இத்தோடு முடிந்ததா?

முடியவில்லை. கல்லறைத் தோட்டம், ‘நற்போதகம்’ என்ற சபைப் பத்திரிகையின் பழைய இதழ்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம். ‘உபதேசியார் இன்னார் குமாரன் இன்னார்’ என்று பத்திரம் எழுதும் வழக்கம் நமக்கு உதவும். இருக்கும் பதிவேட்டையாவது அனுமதி வாங்கி இந்தக் கோடைக்குள் படம் பிடியுங்கள். நான் பத்து வருடத்துக்கு முன் கையால் நகல் எடுத்த ஒரு ஞானஸ்நானப் பதிவேடு இன்று தொட்டால் உதிர்கிறது.

உபதேசியாரின் மனைவி பெயர் எங்கள் வம்ச அட்டவணையில் இல்லை. கண்டுபிடிக்க வழி உண்டா அண்ணாச்சி?

உண்டு, கட்டாயம் செய்யுங்கள். ஊர்ப் பெண்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். கணக்கில் சம்பளம் இல்லாததால் காகிதத்தில் பெயரும் இல்லை. ஞானஸ்நானக் கட்டத்தில் தாயின் பெயர் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அடக்கப் பதிவேட்டுக்குப் போங்கள். இறந்த வயது இருக்கும், கழித்தால் பிறந்த வருடம் கிடைக்கும். அப்புறம் போர்டிங் பள்ளி இருந்த ஊர்களின் விவாகப் பதிவேட்டைப் பாருங்கள். எங்கள் உபதேசியாரின் மனைவி மெஞ்ஞானபுரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அந்த விவாகப் பக்கத்தில் மணமகன் கையெழுத்துக்குக் கீழே, அவரைவிட அழகான கையெழுத்தில், மணமகளின் பெயர் இருந்தது.