ஒட்டகத்துக்கு இருப்பது உங்கள் கணவருக்கு இல்லை

கேள்வி: என் கணவர் சவூதியில் கட்டட வேலை செய்கிறார். ஒன்பது வருடமாகிறது. மாடி வேலை பாதியில் நிற்கிறது, இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்கட்டும் என்கிறார் மாமியார். எதற்கெடுத்தாலும் என்னோடு சண்டை. இதற்கிடையில் மகனுக்குப் பாலைவன விலங்குகள் பாடம். அப்பாவிடம் போனில் கேட்டிருக்கிறான். “நானும் ஒட்டகம்தான்டா, பகலுக்கு அரை லிட்டர் பாட்டில் போதும், ஒன்னுக்குப் போக ரொம்ப தூரம் நடக்கணும்” என்றாராம். பையனுக்கு ஒரே பெருமை. மாமியாரை எப்படிச் சமாளிப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: சகோதரி, மாமியார் இருக்கட்டும். அந்த அரை லிட்டர் பாட்டிலைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைச் சொல்லுங்கள். 45 டிகிரி வெயிலில் உடலுழைப்பு செய்கிறவருக்கு ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டர் வேர்வை போய்விடும். அவர் நாள் முழுக்க அரை லிட்டரில் ஓட்டுகிறார். உங்களுக்குப் பதறவில்லையா?

ஒட்டகம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு. அதன் உடல் எடையில் கால் பங்கு நீராகப் போனாலும் ரத்தம் அவ்வளவாகக் கெட்டியாகாது. தண்ணீரைக் கண்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நூறு லிட்டர் குடித்துவிடும். அதன் ரத்த சிவப்பணுக்கள் நீள்வட்டமானவை, அவ்வளவு நீரையும் வெடிக்காமல் தாங்கும். நமக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு நீர் போனாலே உயிருக்கு ஆபத்து.

வேர்வையை மிச்சம் பிடிக்க ஒட்டகம் உடம்பையே சூடாக விடுகிறது. விடியற்காலையில் 34 டிகிரி, மாலைக்குள் 40ஐத் தாண்டும். அந்தச் சூட்டை இரவுக் குளிரில் வெளியே விடும். மனித உடம்பு 40ஐத் தொட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 1953-54இல் அல்ஜீரியாவின் பெனி அப்பாஸில் ஒட்டகங்களை ஆராய்ந்த விஞ்ஞானி க்னூட் ஷ்மிட்-நீல்சன் இன்னொன்றும் கண்டார். தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிற ஒட்டகத்தின் உடல் வெப்பம் நாளெல்லாம் இரண்டு டிகிரி அளவுக்குத்தான் ஏறி இறங்குகிறது. தாகம்தான் அதை இந்தப் பாடு படுத்துகிறது. கிடைக்கிற தண்ணீரை அது வேண்டாம் என்று ஒதுக்குவதில்லை.

மற்ற உயிர்கள் வெயிலோடு மல்லுக்கட்டுவதே இல்லை. சவூதியின் முள்வால் பல்லி உச்சி வெயிலில் வளைக்குள் போய்விடும். ஜெர்போவா எலி பகல் முழுக்க மண்ணுக்கடியில். அரேபிய ஓரிக்ஸ் மான் கருவேல மர நிழலில் படுத்துக்கொள்ளும். சவூதி சட்டமும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை போட்டிருக்கிறது. அந்த மூன்று மணி நேரம் அவருக்கு நிழல் கிடைக்கிறதா? கேட்டிருக்கிறீர்களா?

சிறுநீரகம்தான் எனக்குப் பெரிய பயம். ஒட்டகத்தின் சிறுநீரகம் சிறுநீரைக் கெட்டியாக்கி நீரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நம்முடையது அந்த அளவுக்குச் செய்யாது. தண்ணீர் குறைந்தால் கல் உண்டாகலாம். வெயிலும் நீர்க்குறைவும் வருடக்கணக்கில் சேர்ந்தால் சிறுநீரகமே பழுதாகலாம், அதுவும் ஆரம்பத்தில் வலிக்காது. தூரம் நடக்க வேண்டும் என்று தண்ணீரைக் குறைக்கிற பழக்கத்தைச் சாமர்த்தியம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

மாதம் பிறந்தால் பணம் போட்டாச்சா என்று கேட்கிற வீடு, தண்ணீர் குடித்தாயா என்றும் கேட்க வேண்டும். அது உங்கள் கடமை, மாமியாரின் கடமையும்தான். சம்பாதிக்கிறவர் தூரத்தில் இருப்பதால் அவர் உடம்பு அவர் பாடு என்று ஆகிவிடாது.

இன்று ராத்திரி போன் போடுங்கள். வேலை நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளராவது குடிக்கச் சொல்லுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். லீவு வரை காத்திருக்க வேண்டாம், அங்கேயே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். போன் பேசும்போது மாமியாரும் பக்கத்தில் இருக்கட்டும். அவர் பெற்ற பிள்ளை. நிழலும் கழிப்பறையும் இல்லாத சைட் என்றால் இரண்டு வருடம் என்ன, இரண்டு மாதம்கூட நீட்டிக்கச் சம்மதிக்காதீர்கள். மாடி பாதியிலேயே நிற்கட்டும்.