ஜெல் நகம் ஏன் சீக்கிரம் தூக்குகிறது?

கேள்வி: ஜெல் பாலிஷ் 3 வாரம் நிற்கும் என்றார்கள். எனக்கு 5-ஆம் நாளே ஓரம் தூக்கிவிடுகிறது. என் நகத்தில்தான் கோளாறா?
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: எந்த இடத்தில் தூக்குகிறது என்று முதலில் பாருங்கள். தோலை ஒட்டிய அடிப்பக்கம் என்றால் போட்ட விதத்தில்தான் பிழை. ஜெல் தோல் மேல் வழிந்திருக்கும், அல்லது நகத்தில் ஒட்டியிருந்த மெல்லிய கியூட்டிக்கிள் (இறந்த தோல்) படலத்தைச் சுரண்டி எடுக்காமல் விட்டிருப்பார்கள். கட்டைவிரலில் மட்டும் என்றால், மற்ற நான்கு விரல்களோடு சேர்த்து, ஜெல்லை இறுகவைக்கும் விளக்கில் வைத்திருப்பார்கள். அப்படி வைத்தால் கட்டைவிரல் சாய்ந்து, பக்கவாட்டில் ஒளி சரியாகப் படாது. அதைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

நுனியில் தூக்கினால் பெரும்பாலும் காரணம் தண்ணீர். நகம் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்ததும் சுருங்கும். மேலே இருக்கும் ஜெல் அதோடு சேர்ந்து அசையாது. பாத்திரம், துணி என்று தினமும் பல முறை இப்படி நடந்தால் பிடிப்பு விட்டுப்போகும். அதனால்தான் கையை வெந்நீரில் ஊறவைத்து மெனிக்யூர் செய்த கையோடு ஜெல் போடுவது தவறு. பார்லருக்குப் போகும் அன்று கையில் தேங்காய் எண்ணெயும் தடவாதீர்கள். ஜெல்லின் ஒவ்வொரு பூச்சும் மெல்லிசாக இருக்க வேண்டும். நுனியின் விளிம்பிலும் பிரஷை ஒரு இழுப்பு இழுத்து மூடச் சொல்லுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டில் பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை போடுங்கள். இரவில் நகத்தைச் சுற்றி ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். ஜெல் போட்ட பிறகு தேங்காய் எண்ணெயே போதும், விலை உயர்ந்த பாட்டில் தேவையில்லை.

கேள்வி: கொலுசுப் பட்டறையில் வேலை. ஜெல் போடலாமா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: போடலாம், ஆனால் நகம் விரல் நுனியைத் தாண்டக் கூடாது. முனை வட்டமாக இருக்கட்டும். கொலுசுத் திருகாணியை நக நுனியால் நெம்பும் பழக்கம்தான் முதல் எதிரி, அதற்குக் குறடு இருக்கிறது. கொலுசு கழுவும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கை வைக்கும்போது நைட்ரைல் கையுறை அவசியம்.

கேள்வி: சமைக்கும்போது வெளிர் நிற ஜெல்லில் மஞ்சள்தூள் கறை படிகிறதே?
– வாசகி, ஆத்தூர்

பதில்: உடனே பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். மிச்சக் கறை வெயில் பட்டால் மங்கும். தினமும் சமைப்பவர்கள் அடர் நிறம் எடுப்பது நல்லது.

கேள்வி: ஜெல்லை எடுக்க ஒவ்வொரு முறையும் மலை இறங்கிச் சேலம் போக முடியவில்லை. பிய்த்து எடுக்கிறேன். தவறா?
– வாசகி, ஏற்காடு

பதில்: தயவுசெய்து பிய்க்காதீர்கள். ஜெல்லோடு நகத்தின் மேலடுக்கும் உரிந்து வரும். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ.தான் வளரும், மெலிந்த நகம் முழுதாக மாற ஆறு மாதம் ஆகலாம்.

வீட்டிலேயே எடுக்கலாம். மேல் பளபளப்பு போகும்வரை அரத்தால் லேசாகத் தேயுங்கள். சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவுங்கள். அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றி 15 நிமிடம் விடுங்கள். ‘அசிட்டோன் இல்லாதது’ என்று எழுதிய ரிமூவர் இதற்கு உதவாது. மரக்குச்சியால் தள்ளினால் ஜெல் வழுக்கி வர வேண்டும். வராவிட்டால் சுரண்டாமல் இன்னும் 5 நிமிடம் சுற்றி வையுங்கள். மலைக் குளிரில் அசிட்டோன் மெதுவாக வேலை செய்யும், சுற்றிய கையைக் கம்பளிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் போகவே கூடாது, அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். நீட்டிக் கட்டும் கடின ஜெல் இதில் கரையாது, அதற்குப் பார்லர்தான்.

தூக்கிய ஓரத்தைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். ஈரம் உள்ளே சிக்கிக் கிருமி வளர்ந்து நகம் பச்சையாகலாம். நகத்தைச் சுற்றி அரிப்போ வீக்கமோ வந்தால் அது ஜெல் ஒவ்வாமையாக இருக்கலாம். ஜெல்லை எடுத்துவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஒவ்வாமை உறுதியானால் பல் மருத்துவரிடமும் சொல்லி வையுங்கள், பல் அடைக்கும் பொருள்களிலும் இதே வகை ரசாயனம் உண்டு.