சாவியக் குடுத்தாச்சு

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒரு பேச்சில் சொன்னதால் ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் பேர்டின் ‘நே இராஸ்காரிஸ் தோமினே’ என்ற பாடலைக் கேட்டேன். வாத்தியமே இல்லை. லத்தீனும் தெரியாது. கடைசியில் ஒரே வார்த்தையை இழுத்துக்கொண்டே போகிறார்கள். அங்கேயே தூங்கிவிட்டேன். இந்த இசையை எங்கிருந்து தொடங்குவது? யார் பாடியதைக் கேட்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

யார் பாடினால் என்ன, யூடியூபில் கிடைப்பதைக் கேளுங்கள். லத்தீன் தெரியாதது குறையே இல்லை. ஏசாயா 64ஆம் அதிகாரம்தான், தமிழ் பைபிளில் இருக்கிறது. அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் காதில் மாட்டிக்கொண்டு படுத்தால் தூக்கம்தான் வரும். பழியைப் பேர்ட் மேல் போடாதீர்கள்.

ஆனால் ‘ஒரே வார்த்தை’ என்றீர்களே, அதை விட மாட்டேன்.

பேர்ட் கத்தோலிக்கர். அவர் காலத்து இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பூசை சட்டவிரோதம். அரசி எலிசபெத்தின் அரண்மனை ஆலயத்தில் சம்பளம் வாங்கியபடியே 1589இல் இதை அச்சிட்டார். அழிந்த எருசலேமுக்காக அழும் வரிகள். எந்த ஊரை நினைத்து எழுதினார் என்று அன்றைக்குக் கேட்டவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

ஐந்து குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வருகின்றன. ‘சீயோன் வனாந்தரமாயிற்று’ என்ற இடத்தில் துரத்தல் நின்றுபோகிறது. குரல்கள் சேர்ந்து நின்று அசை அசையாகச் சொல்கின்றன. அப்புறம் ‘எருசலேம் பாழாய்க் கிடக்கிறது’. ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் எடுக்கிறார். முடிந்தது என்று நினைத்தால் மறுபடி வருகிறது. நீங்கள் தூங்கிய இடம் இதுதான்.

ஊர் வீட்டுக்குப் பத்திரம் முடித்துவிட்டு அப்பாவும் நானும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். “சாவியக் குடுத்தாச்சு” என்றார். டிக்கெட் எடுத்தேன். “சாவியக் குடுத்தாச்சுல்ல?” என்றார். டீக்கு நிறுத்திய இடத்தில், கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமல், மறுபடியும் அதையே. சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “எத்தன தடவப்பா சொல்லுவீங்க?” என்று கத்திவிட்டேன். வீடு வந்து சேரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

பேர்டைக் கேட்கும்போதெல்லாம் அந்த பஸ்தான் ஞாபகம் வரும். போன வாரம்கூட அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது. அதே கேள்வி, கிட்டத்தட்ட அதே எரிச்சல். கோபித்துக்கொண்டது உங்களிடம் மட்டுமில்லை, தம்பி.

சரி, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாம் பகுதியைத் தனியாகவும் பாடுவார்கள். ‘சிவிதாஸ் சாங்தி தூயி’ என்று தேடுங்கள். படுத்துக்கொண்டு வேண்டாம்.