பனித்தளத்தின் ஓரத்தில் – கடிதம்

அன்புள்ள சார்,

குளிர்கால ஒலிம்பிக்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையில் கனடாவின் ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சறுக்கிக்கொண்டே தாவிச் சுழலும் விளையாட்டு) வீரர், பிறகு கோச் ஆன பிரையன் ஓர்சரை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ‘தனக்குக் கிடைக்காத தங்கத்தை மாணவர்களைக் கொண்டு வாங்கியவர்.’ அந்த வரி என்னைத் தைத்தது. நான் மாநில அளவில் ஷட்டில் ஆடியவன். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ‘ஆட முடியாதவன்தானே கோச் ஆவான்’ என்று ஒரு பையனின் அப்பா என் முகத்துக்கு நேராகவே சொன்னார். ஓர்சரின் கதையும் அதுதானா?

ம.

அன்புள்ள ம.,

அந்த வரியை எழுதும்போதே கொஞ்சம் உறுத்தியது. கேட்க நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். தப்புதான்.

ஓர்சர் ஆட முடியாதவர் அல்ல. 1981 முதல் 1988 வரை கனடாவின் தேசியப் பட்டம் எட்டு முறையும் அவருக்குத்தான். 1987ல் உலக சாம்பியன். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் மற்ற தாவல்களுக்கெல்லாம் பின்னோக்கிச் சறுக்கி எழும்புவார்கள். ஆக்ஸல் என்ற தாவல் ஒன்றுக்குத்தான் முன்னோக்கி. அதனால் ட்ரிபிள் ஆக்ஸல் என்று பெயர் இருந்தாலும் காற்றில் மூன்றரைச் சுற்று சுற்றியாக வேண்டும். ஒலிம்பிக்கில் அதை முதலில் செய்து காட்டியவர் அவர், 1984ல் சரயேவோவில்.

அங்கே பாட்டுக்கு ஸ்கேட் செய்யும் இரண்டு சுற்றுகளிலும், சின்னதான குறும்சுற்று, நீளமான நெடுஞ்சுற்று இரண்டிலும், அவரே முதல். கிடைத்ததோ வெள்ளி. காரணம், அப்போதிருந்த ‘கட்டாய உருவங்கள்’ என்ற சுற்று. பாட்டு கிடையாது, தாவல் கிடையாது. பனியில் ஒற்றைக்காலில் ‘8’ வடிவில் வட்டம் போட்டு, போட்ட கோட்டின் மேலேயே மறுபடியும் போக வேண்டும். நடுவர்கள் குனிந்து கோட்டைப் பார்த்து மார்க் போடுவார்கள். மொத்தத்தில் 30 சதவீதம் அதற்கு. கச்சேரிக்கு வந்த வித்வானைச் சரளி வரிசை பாடச்சொல்லி மார்க் போடுவது மாதிரி. ஓர்சர் அதில் ஏழாவது இடம். முதலிடம் பிடித்த அமெரிக்கர் ஸ்காட் ஹாமில்டன் தங்கத்தைக் கொண்டுபோனார்.

1988ல் ஒலிம்பிக்ஸ் சொந்த நாட்டிலேயே, கால்கரியில். தொடக்கவிழாவில் கொடி பிடித்து வந்தவரும் ஓர்சர்தான். எதிரில் இன்னொரு பிரையன், அமெரிக்காவின் பிரையன் பாய்டானோ. நெடுஞ்சுற்றில் இருவரில் யார் முந்துகிறாரோ அவருக்குத் தங்கம் என்ற நிலைமை. ஒரு தாவலில் ஓர்சரின் கால் சற்றுப் பிசகியது. இரண்டாவதாக வைத்திருந்த ட்ரிபிள் ஆக்ஸலைத் தவிர்த்தார். ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் பாய்டானோ பக்கம், நான்கு பேர் இவர் பக்கம். மறுபடி வெள்ளி.

இதற்குப் பிறகு நேராக மாணவர்களின் தங்கத்துக்குத் தாவினால் சினிமாக் கதைதான். நடுவில் ஏறக்குறைய பதினெட்டு வருடங்கள் இருக்கின்றன. மேடைக் காட்சிகளில் ஸ்கேட் செய்து சம்பாதித்துக்கொண்டிருந்தார். டொரான்டோவில் ஒரு கிளப் (அதன் பெயரே ‘டொரான்டோ கிரிக்கெட், ஸ்கேட்டிங் அண்ட் கர்லிங் கிளப்’, கிரிக்கெட்டுக்குத்தான் முதல் இடம்!). 2006ல் பதினாறு வயதுகூட நிரம்பாத கொரியப் பெண் யூனா கிம் அங்கே ஓர்சரிடம் பயிற்சிக்கு வந்தார். ஓர்சரோடு சேர்ந்து பயிற்சி கொடுத்தவர் ட்ரேசி வில்சன். அதே கால்கரியில் ஐஸ் டான்ஸில் வெண்கலம் வாங்கியவர். ஐஸ் டான்ஸில் பெரிய தாவல்கள் இல்லை, ஸ்கேட் ஷூவின் அடியில் இருக்கும் பிளேடின் விளிம்பை ஆள்வதுதான் எல்லாம். தாவல் இல்லாமல் வெறுமனே சறுக்கிப் பழகும் வகுப்புதான் அந்த கிளப்பின் அடையாளம். பெரிய சாம்பியன்களும் அதில் வந்து நிற்க வேண்டும்.

கட்டாய உருவங்கள் 1990ல் உலகப் போட்டிகளிலிருந்தே போய்விட்டன. அதில் ஏழாம் இடம் வந்து தங்கத்தைத் தொலைத்தவரின் கூடாரத்தில் பாடமே பிளேடு விளிம்புதான். இரண்டையும் முடிச்சுப் போடுவது என் ஊகம், அவ்வளவே.

2010 வான்கூவரில் யூனா கிம் 228.56 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றார். வீடியோவைத் தேடிப் பாருங்கள். அவர் எழும்பும்போதெல்லாம் தடுப்புக்குப் பின்னால் ஓர்சரும் எழும்புகிறார். அதே ஆகஸ்டில் இருவரும் பிரிந்தார்கள், நல்லவிதமாக அல்ல. என் ‘மாணவர்களைக் கொண்டு வாங்கிய தங்கம்’ அங்கேயே கெட்டுப்போகிறது பாருங்கள்.

அப்புறம் ஜப்பானின் யுசுரு ஹன்யூ வந்தார். 2014லும் 2018லும் ஒலிம்பிக் தங்கம். அதே பனித்தளத்தில் ஸ்பெயினின் ஹவியர் ஃபெர்னாண்டஸ். 2016ல் பாஸ்டன் உலகப் போட்டியில் குறும்சுற்று முடிவில் ஹன்யூ 12 புள்ளி முன்னால். நெடுஞ்சுற்றில் ஹவியர் அத்தனையையும் தாண்டி, தொடர்ந்து இரண்டாம் முறையாக உலக சாம்பியன் ஆனார். இருவருக்கும் ஒரே கோச். ஒருவனைக் கட்டிப்பிடித்துக் குதிக்கவும் வேண்டும், இன்னொருவன் தோளில் கை போடவும் வேண்டும், ஒரே மாலையில். பழைய கணக்கைத் தீர்க்க வந்தவராக இருந்தால் அன்றைக்கு அவர் யார் பக்கம் நிற்பார்? அந்த வரியை நான் திரும்பப் பெற்றுக்கொள்வது இதனால்தான்.

அந்த அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, சொல்லாமலே விடலாம் போலத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்க ஆசை. ஷட்டிலில் ராக்கெட்டைத் தொடாமல் வெறும் கால் நகர்வு மட்டும் பழக்குவீர்கள் இல்லையா, பிள்ளைகள் அதற்கு எத்தனை நிமிடம் பொறுமையாக நிற்கிறார்கள்? எழுதுங்கள்.