பதில்: மசாஜ் வேலையில் வார இறுதியே இல்லை, நண்பர்களும் விலகுகிறார்கள்

சனி, ஞாயிறு முழுக்க ஸ்பாவில் போகிறது, உங்களைப் போன்ற கே (தன்பாலீர்ப்பு) நண்பர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் சென்னையில் இதே தொழில்தான்.

முதலில் உடம்பு. ஆறு மணிநேரம் கட்டைவிரலால் அழுத்திவிட்டு வந்தால் யாரோடும் காபி குடிக்கக்கூடத் தோன்றாது. ஆழமாக அழுத்த வேண்டிய இடத்தில் முன்கையையும் முழங்கையையும் பயன்படுத்துங்கள், மேசையைக் கொஞ்சம் தாழ்த்தினால் தோள்பலத்துக்குப் பதில் உடல் எடையே வேலை செய்யும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே கால்மணி இடைவெளி கேளுங்கள், முணுமுணுத்தாலும் தருவார்கள்.

அப்புறம், வார இறுதிக்காக ஏங்காதீர்கள். உங்கள் விடுமுறை செவ்வாய் என்றால் செவ்வாய் மாலை பெசன்ட் நகர் கடற்கரைக்கு வாங்க என்று நீங்களே கூப்பிடுங்கள். கூட்டம் குறைவு, நிம்மதியாகப் பேசலாம், ஐ.டி. ஆட்கள் கூட ஏழரைக்கு வந்துவிடுவார்கள். சென்னையில் வானவில் பேரணி (தன்பாலீர்ப்பாளர், திருநர்களின் சுயமரியாதை ஊர்வலம்) 2009-இலிருந்து பெரும்பாலும் ஜூன் கடைசி ஞாயிறுதான், அந்த ஒரு நாளுக்கு ஏப்ரலிலேயே லீவு எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

டேட்டிங் ஆப்பில் தொழிலைப் போடவே போடாதீர்கள். போட்டால் பாதிப் பேர் 'ரேட் என்ன' என்பார்கள், மீதிப் பேர் ஓசியில் முதுகு பிடிக்கச் சொல்வார்கள். நீங்கள் கே என்று ஸ்பாவில் சொல்லிவிடுவேன் என யாராவது மிரட்டினால் பணம் தராதீர்கள். 377-ஆம் பிரிவு பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு ஒரே பாலினத்தவராக இருந்தாலும் வயதுவந்த இருவர் சம்மதத்தோடு பழகுவது குற்றமில்லை, மிரட்டிப் பறிப்பதுதான் குற்றம். மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள்.

விலகிய நண்பர்களில் ஒருவருக்கு மட்டும் இன்றே போன் போடுங்கள், குரூப்பில் பொதுவாக மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம்.