முதலில் கட்டடக்காரரைத் தேடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் பழைய நகர வீதிகளைப் பற்றிய கேள்விகளே அதிகம். பதில் எழுதுபவர் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனில், லெபோ பசாரில் ('லெபோ' என்றால் வீதி) மளிகைக் கடை மாடியில் வளர்ந்தவர். பினாங்கில் உள்ளாட்சிப் பணியில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: அக்கா, எங்கள் பழைய கடைவரிசையில் பாதி பூட்டிக் கிடக்கிறது. கவுன்சிலர் மாநகர் மன்றத்தைக் கை காட்டுகிறார். மன்றம் கட்டடக்காரரை, அதாவது கட்டடத்தின் உரிமையாளரை, கை காட்டுகிறது. நாங்கள் நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று பார்க்கிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: மனு எழுதுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் தம்பி. பூட்டிய ஒவ்வொரு கடையும் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஒரு மனையின் பதிவு விவரத்தைத் தேடிப் பார்க்கலாம். பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும். ஒரு கடை காலமான தாத்தாவின் பெயரிலேயே இருக்கும். பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருப்பார்கள். அவர்களுக்கு அந்தக் கடை இருப்பதே பாதி மறந்திருக்கும். விற்கவும் மனமில்லை, பழுது பார்க்கவும் பணமில்லை.

ஜார்ஜ்டவுனில் வேறு ஒரு வகை உரிமையாளரும் உண்டு. சீனர்களின் குலச் சங்கங்களான கொங்சிகள், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள வக்ஃப் நிலம், இந்து அறப்பணி வாரியம் என்று பொதுச் சொத்தாக நிறையக் கட்டடங்கள். இவர்களிடம் பேசப் பொறுமை வேண்டும், கூட்டத்துக்கு மேல் கூட்டம் போகும். ஆனால் ஒரு வாரியம் தலையசைத்தால் ஒரே வரிசையில் பல கதவுகள் திறக்கும். தனி ஆளிடம் அது நடக்காது. உங்கள் தெருவிலும் அப்படி ஒரு சங்கமோ கோவிலோ உரிமையாளராக இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

அப்புறம் ஒரு பெரிய தாளில் தெருவை வரைந்து, எது யார் பொறுப்பு என்று நிறம் தீட்டுங்கள். சாக்கடையும் பின்சந்தும் குப்பையும் மன்றத்துடையவை. மின்கம்பி மின்சார நிறுவனமான தெனாகாவுடையது. குழாய் தண்ணீர் வாரியத்துடையது. சில சாலைகள் மன்றத்தின் கையில் இல்லை, பொதுப்பணித் துறையின் கையில். கடை முன் இருக்கும் ஐந்தடி நடைபாதை கட்டடக்காரரின் நிலத்தில் இருக்கும், ஆனால் பொதுமக்கள் நடக்கும் வழி. அங்கேதான் சண்டை அதிகம் வரும். இந்தத் தாளோடு போனால் யாரும் உங்களை அடுத்த மேசைக்கு அனுப்ப முடியாது.

அரசாங்கமும் ஊராரும் சேர்ந்து வேலை செய்வது நமக்கொன்றும் புதிதில்லை. தைப்பூசத்துக்கு முதல் நாள் லெபோ பினாங்கு கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறது. 2017 முதல் லெபோ குயின் மாரியம்மன் கோவிலிலிருந்து தங்க ரதமும் வருகிறது. போலீஸ் சாலையை மூட வேண்டும், தாழ்ந்த கம்பியைக் கவனிக்க வேண்டும், தண்ணீர்ப் பந்தல்காரர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும், மறுநாள் உடைந்த தேங்காயை யாராவது அள்ள வேண்டும். எல்லாம் நடக்கிறது. நாள் குறித்தாகிவிட்டது, தள்ளிப் போட முடியாது, அவரவர் வேலை அவரவருக்குத் தெரியும். அதனால் நீங்களும் ஒரு நாளைக் குறியுங்கள். தீபாவளிக்கு முன் பின்சந்துக்கு விளக்கு, குப்பை எடுக்கும் நேரம் மாற்றம் என்று முடிக்கக் கூடிய இரண்டு வேலையை மட்டும் கேளுங்கள். 'நகர மறுமலர்ச்சி' என்று தலைப்புப் போட்டு மனு கொடுத்தால் அது அழகான கோப்புக்குள் போய்விடும்.

கேள்வி: வாடகைக் கட்டுப்பாட்டை எடுத்ததால்தான் டவுன் காலியானது என்று என் மாமா சொல்கிறார். என் கணவரோ அதை எடுத்ததால்தான் கட்டடங்கள் பிழைத்தன என்கிறார். வீட்டில் தினமும் இதே பேச்சு.
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: இரண்டு பேருக்கும் ஒரு கோப்பை டீ கொடுங்கள், இருவரும் சொல்வது சரிதான். 1966-ஆம் வருடச் சட்டப்படி, 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. அதனால் சின்ன வியாபாரியும், கூலி ஆளும், தையல்காரரும் டவுனிலேயே குடும்பத்தோடு வாழ முடிந்தது. கீழே கடை, மேலே மூன்று நான்கு குடும்பம். ஆனால் அந்த வாடகைக்குக் கட்டடக்காரர் ஓட்டைக்கூட மாற்ற மாட்டார். மழை பெய்தால் எங்கள் மாடியில் குடம், அண்டா, சோற்றுப் பானை எல்லாம் வேலைக்கு வந்துவிடும்.

1997-ல் சட்டத்தை ரத்து செய்தார்கள். 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு முழுதாகப் போனது. வாடகை பல மடங்கு ஏறியது, குடும்பங்கள் பாயா தெருபோங், பிறை என்று கிளம்பின. காலியான கடைகளில் பலவற்றைச் சுவர் அடைத்து, சாப்பிட விற்கும் பறவைக் கூட்டுக்கான பண்ணையாக்கினார்கள். மனிதனிடம் வாங்கும் வாடகையைவிடக் குருவியிடம் லாபம் அதிகம், பாவம் அது புகாரும் செய்யாது. பாரம்பரியப் பகுதியிலிருந்து அவற்றை அகற்ற மாநில அரசு 2013 இறுதிவரை கெடு வைக்க வேண்டி வந்தது.

2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ்டவுனும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கட்டடங்களுக்கு மதிப்பு வந்தது. உங்கள் கணவர் சொல்வது அதைத்தான். ஆனால் நகரப் புதுப்பிப்பு அமைப்பான திங்க் சிட்டி எடுத்த கணக்கில் 2009-ல் அந்தப் பகுதியில் சுமார் 10,100 பேர் குடியிருந்தார்கள், 2013-ல் சுமார் 9,400 பேர். பட்டியலில் ஏறிய பிறகும் ஆள் குறைந்திருக்கிறது. உங்கள் மாமா பக்கம் அது. என் கட்சியைக் கேட்டால், ஒரு வீதி பிழைத்ததா என்று பார்க்க நான் இரவு ஒன்பது மணிக்கு மாடி ஜன்னல்களைப் பார்ப்பேன். விளக்கு எரிந்து, உள்ளே துணி காய்ந்தால் பிழைத்தது. சொகுசு ஹோட்டல் விளக்கை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: எங்கள் ஊரிலும் சுவர் ஓவியம் வரைந்தால் கூட்டம் வருமா?
– வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: வரும், படம் எடுக்கும், போய்விடும். 2012-ல் ஜார்ஜ்டவுனின் லெபோ அர்மேனியனில் சைக்கிள் ஓவியம் வந்தபோது பக்கத்தில் கடை, கோவில், கொங்சி, சாப்பாடு எல்லாம் ஏற்கனவே இருந்தன. அதனால் வந்தவர் சாப்பிட்டு, சாமான் வாங்கிப் போனார். சுற்றிலும் பூட்டிய கடையாக இருந்தால் ஓவியத்துக்கு முன்னால் ஐஸ் விற்பவருக்கு மட்டும் லாபம். அவருக்கு என் வாழ்த்து.

கேள்வி: கோலாலம்பூரில் ஆற்றை அழகாக்க அவ்வளவு செலவு செய்தார்கள். அதற்கு ஒரு தெரு தள்ளி இருக்கும் லெபோ அம்பாங்கில் நம் பழைய கடைகள் மங்கிப் போகின்றன. அது யார் கண்ணிலும் படவில்லையா?
– வாசகர், செந்தூல்

பதில்: ஆற்றுத் திட்டம் 2011-ல் ஆரம்பித்தது. கிள்ளான் ஆற்றிலும் கிளை ஆறுகளிலும் 110 கிலோமீட்டர் தூரம் சுத்தம் செய்வது ஒரு பகுதி, நடுநகரில் கரையை அழகாக்குவது இன்னொரு பகுதி. முதலாவதற்கு வடிகால் நீர்ப்பாசனத் துறையும், இரண்டாவதற்கு மாநகர் மன்றமும் முன்னின்றன. 1909-ல் கட்டிய ஜாமெக் பள்ளிவாசலுக்கு முன்னால் இப்போது மக்கள் நின்று தண்ணீரைப் பார்க்கிறார்கள். முன்பு மூக்கைப் பிடித்துக்கொண்டு போன இடம், அதை மறுக்கக் கூடாது.

ஆனால் ஆற்றங்கரை அரசாங்கத்தின் இடம். ஆணை போட்டால் வேலை நடக்கும். லெபோ அம்பாங் அப்படியில்லை. வட்டித் தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கி இருந்த அந்த வரிசையில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு குடும்பம், ஒரு பங்கு, ஒரு பழைய மனத்தாங்கல். டெண்டர் விட்டுச் சரிசெய்ய முடியாத விஷயம் அது. அதே கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் 2010 அக்டோபரில் மலேசியா, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் வந்து லிட்டல் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். வளைவும் விளக்கும் நீரூற்றும் வந்தன. கடைக்காரரிடம் கேட்டால் இன்றைக்கும் பார்க்கிங்கைப் பற்றித்தான் பேசுவார். லெபோ அம்பாங்குக்கு வளைவு வேண்டாம் ஐயா. பங்காளிகளை ஒரு மேசையில் உட்கார வைக்கும் ஒரு வக்கீல் கிடைத்தால் போதும், பாதி வேலை முடியும்.

கேள்வி: 'பங்காளர் கூட்டம்' என்று மன்றத்திலிருந்து அடிக்கடி கூப்பிடுகிறார்கள். எல்லாம் காலை பத்து மணிக்கு. கடையை யார் பார்ப்பது? போகாவிட்டால் வியாபாரிகளுக்கு அக்கறை இல்லை என்று எழுதிவிடுகிறார்கள்.
– பூக்கடைக்காரர், பினாங்கு

பதில்: நான் அலுவலகப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தவள். பத்து மணிக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் சம்பளத்தோடு வருகிறார்கள். நீங்கள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறீர்கள். திரையில் படம் காட்டுவார்கள், கடைசிப் பத்து நிமிடம் 'கருத்து உண்டா' என்பார்கள், கறிபாப்பும் தேநீரும் வரும்.

உங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்: கூட்டம் இரவு கடை அடைத்த பிறகு, தெருவிலேயே, கோவில் மண்டபத்திலோ ஒட்டுக்கடை (தெருவோரச் சாப்பாட்டுக் கடை) மேசையிலோ. தமிழ் பேசுகிற அதிகாரி ஒருவர் வேண்டும். போன கூட்டத்தில் சொன்னதில் எது முடிந்தது என்பதிலிருந்துதான் பேச்சு தொடங்க வேண்டும். அங்காடி வியாபாரிகளையும் கூப்பிடச் சொல்லுங்கள். வண்டிக் கடையை அகற்றித் தெருவை 'ஒழுங்கு' செய்துவிட்டு, பிறகு மாலையில் ஆளே இல்லை என்று அழுத இடங்கள் உண்டு. ஒரு இட்லி வண்டி நிற்கும் மூலையில் திருடன் நிற்க மாட்டான்.

கேள்வி: வெளிநாட்டில் வட்டார வியாபாரிகளே வரி கட்டித் தங்கள் தெருவைக் கவனித்துக்கொள்கிறார்களாமே? இங்கே வருமா?
– வாசகி, பாயான் பாரு

பதில்: 1970-ல் கனடாவில், டொரண்டோ நகரின் ப்ளூர் வெஸ்ட் வில்லேஜில் அது முதலில் வந்தது. பக்கத்தில் பேரங்காடி வந்து வியாபாரம் இறங்கிய சமயம். ஒரு எல்லைக்குள் இருக்கும் எல்லோரும் கூடுதல் வரி கட்ட வேண்டும், நகராட்சி வசூலித்து அந்த வட்டாரக் குழுவிடமே கொடுத்துவிடும். சட்டம் கட்டாயப்படுத்துவதால் ஓசியில் பயன் பெறுகிறவர் இல்லை. நல்ல ஏற்பாடு. லெபோ பசாரில் எனக்கு ஒரு பயம்: கட்டடக்காரர் அந்த வரியை அப்படியே வாடகையில் ஏற்றிவிடுவார். புடவைக் கடைக்காரர் தாங்குவார், மசாலா அரைக்கிறவர் தாங்க மாட்டார். அதற்கு ஒரு வழி செய்துவிட்டு வரட்டும், நானே கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

கேள்வி: அப்பாவின் பழைய கடைவீடு லெபோ சூலியா பக்கம் இருக்கிறது. பழுது பார்க்க மானியம் கிடைக்குமா? சுவர் கீழ்ப்பக்கம் எப்போதும் ஈரம்.
– வாசகர், கெலுகோர்

பதில்: அரசாங்க முதலீட்டு நிறுவனமான கஸானாவின் கீழ் 2009-ல் தொடங்கிய திங்க் சிட்டி, ஜார்ஜ்டவுனுக்கு 2 கோடி ரிங்கிட் மானியத் திட்டம் நடத்தியது. முழுச் செலவையும் யாரும் தரவில்லை, உரிமையாளரும் பங்கு போட்டார். அதனால்தான் வேலை முடிந்தது என்பது என் எண்ணம். இலவசமாக வந்த ஓட்டுக்குக் காவல் இருக்காது. அந்தச் சுற்று முடிந்துவிட்டது. இப்போது என்ன உண்டு என்று லெபோ ஆச்சேயில் இருக்கும் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்தில் நேரில் கேளுங்கள்.

ஈரத்துக்குச் சிமெண்ட் பூசாதீர்கள். பழைய செங்கல் சுவர் நிலத்து ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்புச் சாந்து அதை வெளியே விட்டுவிடும். சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் உள்ளேயே அடைத்துவிடும். உப்புப் பூத்துச் செங்கல் மாவாகும். மேஸ்திரி 'சுண்ணாம்பெல்லாம் பழைய காலம்' என்றால் வேறு மேஸ்திரியைப் பாருங்கள். ஓடு இறக்குவதற்கு முன் உள்ளும் புறமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு மாநகர் மன்றத்தில் அனுமதிக்குப் போடுங்கள். 2016-ல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டப்படி உங்கள் கட்டடம் எந்த வகை என்று அவர்களே சொல்வார்கள். மாடியை வாடகைக்கு விடும் யோசனை இருந்தால், குடும்பத்துக்கு விடுங்கள்.