மேலே முகாம், கீழே லயம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே இராணுவ முகாம் இருக்கிறது. பெருமழைக்கு மறுநாள், மலை ஊற்றிலிருந்து நாங்கள் பிடிக்கும் பீலித் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது, வாடையும் அடிக்கிறது. முகாம் கேட்டில் போய்ச் சொன்னால் "பார்க்கிறோம்" என்கிறார்கள். யாரிடம் போவது?
(தோட்டத் தலைவர் ஒருவர், ஊவா)

பதில்: எண்ணெயும் வாடையும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் சமையற்கூடத்து எண்ணெய் பிடிக்கும் தொட்டி மீது, அடுத்தது மலக்குழி மீது. முகாமில் நிரந்தரமாக இருப்பவர்களின் கணக்குக்குத்தான் குழி வெட்டியிருப்பார்கள். புதிதாகப் பயிற்சிக்கு ஆட்கள் வந்து தலைக்கணக்கு இரட்டிப்பானால் அது தாங்காது. கூரைத் தண்ணீரையும் அதே குழிக்குள் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், ஒரே மழையில் பொங்கி வழியும். சரிவான நிலத்தில் குழியில் ஊறிய கழிவுநீர் கீழே எங்காவது ஊற்றாக வெளியே வரத்தான் செய்யும். வருகிற இடம் உங்கள் பீலி.

கேட்டில் நிற்கும் சிப்பாய்க்கு இதில் ஒரு அதிகாரமும் இல்லை. கடிதமாக எழுதுங்கள்: எந்தப் பீலி, எந்தத் திகதி, மழை விட்டு எத்தனை மணி நேரத்தில் வாடை வந்தது, இரண்டு புகைப்படம். கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலாளருக்கும், பிரதி ஒன்று பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் போகட்டும். தண்ணீர் மாதிரியை அவரே எடுக்க வேண்டும். நீங்கள் சோடாப் போத்தலில் பிடித்துக் கொடுத்தால் முடிவு செல்லாது. முகாமிடம் கேட்க வேண்டியவை மூன்று: எண்ணெய்த் தொட்டியை வாரம் ஒருமுறை வழித்தெடுப்பது, கூரைத் தண்ணீரைத் தனிக் கானில் விடுவது, மலக்குழியில் மூன்றில் ஒரு பங்கு கசடு சேர்ந்ததும் பவுசர் வைத்து உறிஞ்சுவது. "சுத்தமாக வைத்திருங்கள்" என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும்.

அதுவரை எண்ணெய் தெரியும் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், எண்ணெய் போகாது. வேறு பீலியிலிருந்து தாங்கியில் பிடித்த தெளிந்த தண்ணீர் என்றால், 1,000 லீற்றருக்கு 30 சதவீத வெளிற்றும் தூள் 7 கிராம் போதும். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல்தெளிவை மட்டும் தாங்கியில் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். நம் பனியில் திறந்து கிடந்த தூளுக்கு வீரியம் போய்விடும். வாசனை மங்கிய பையை நம்பாதீர்கள்.

கேள்வி: மண்சரிவு அபாயம் வந்தால் முகாம் மண்டபத்தில் தங்கலாம் என்கிறார்கள். எப்போது கிளம்புவது? மண்டபத்தில் எத்தனை பேருக்கு இடமிருக்கும்?
(ஆசிரியை, அப்புத்தளை)

பதில்: தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு இதுதான்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 தொட்டால் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான். கழுத்து குறுகாத, சுவர் நேரான போத்தலை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளக்கலாம். நிலத்தில் புது வெடிப்போ, ஊற்று திடீரென்று கலங்குவதோ வற்றுவதோ கண்டால் அளவைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது காலை நேரத்தில். இராணுவம் வந்து தோண்டியது, ஆனால் அது மண் மூடிய பிறகு.

மண்டபக் கணக்கு: ஒருவருக்கு 3.5 சதுர மீற்றர். 100 அடிக்கு 30 அடி மண்டபத்தில் ஏறக்குறைய 80 பேர். இருநூறு பேரை அடைத்தால் இருமலும் வயிற்றோட்டமும் சேர்ந்து குடியேறும். முதல் சில நாட்களுக்கு 50 பேருக்கு ஒரு மலசலகூடமாவது வேண்டும், தங்கல் நீண்டால் 20 பேருக்கு ஒன்று. பெண்களுடையது படைவீரர் விடுதியின் பார்வையில் படாமல், இரவில் வெளிச்சத்தோடு இருக்க வேண்டும். இதை யாரும் கேட்க மாட்டார்கள், நீங்கள் கேளுங்கள். நள்ளிரவில் சாவி யாரிடம், எந்த கேட் திறக்கும், லொறி வர முடியாத தோட்டப் பாதையில் ஆட்கள் எங்கே கூடுவது என்பதையெல்லாம் மழைக்காலத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

கேள்வி: கணவர் படையில். பிள்ளைகளோடு குவாட்டர்ஸில் இருக்கிறேன். இடமாற்றம் வரும் போலிருக்கிறது. எதை ஆயத்தமாக வைத்திருப்பது?
(வாசகி, தியத்தலாவை)

பதில்: பாடசாலை விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு மூன்றையும் இப்போதே ஒரே உறையில் போடுங்கள். சாதாரண தரம் எழுதும் பிள்ளை இருந்தால், விண்ணப்பம் பாடசாலை வழியாகப் போவதால், பரீட்சை முடியும்வரை குவாட்டர்ஸை விடாமலிருக்கக் கணவர் எழுத்தில் அனுமதி கேட்கட்டும்.

கேள்வி: பயிற்சித் திடல் பக்கம் பையன்கள் பித்தளைத் துண்டு பொறுக்கிப் பழைய இரும்புக் கடையில் விற்கிறார்கள்.
(வாசகர், பண்டாரவளை)

பதில்: உடனே நிறுத்துங்கள். தியத்தலாவை 1900இல் தென்னாப்பிரிக்கப் போயர் போர்க்கைதிகளை வைத்த முகாம், பிறகு படைப்பயிற்சி ஊராகிவிட்டது. இப்படிப்பட்ட நிலத்தில் மழை மண்ணை அரிக்க, வெடிக்காத பழைய குண்டும் மேலே வரலாம். துரு ஏறியதால் செத்துவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து. கண்டால் தொடாமல், கல் எறியாமல், வந்த தடத்திலேயே திரும்பி, தூரத்தில் ஒரு கம்பு நட்டுத் துணி கட்டிவிட்டு பொலிஸ் அவசர இலக்கம் 119க்குச் சொல்லச் சொல்லுங்கள். சுடும் பயிற்சிக்குச் செங்கொடி ஏறிய நாளில் அந்தப் பக்கம் மாடும் போகக்கூடாது.